செட்டிநாட்டில் மூன்று நாள்: பிள்ளைகளை வெளியே எங்கே கூட்டிப்போவது?

கேள்வி இது: அரையாண்டு விடுமுறையில் சென்னையிலிருந்து ஒரு குடும்பம் மூன்று நாள் காரைக்குடிப் பக்கம் வருகிறது. 7 வயதிலும் 12 வயதிலும் இரண்டு பிள்ளைகள், கூடவே முழங்கால் வலியுள்ள 70 வயது அம்மா. பெரிய வீடுகளைப் பார்த்தால் பிள்ளைகளுக்கு அரை நாளில் சலித்துவிடும். ஏற, மிதிக்க, ஓட, பார்க்க வெளியே ஏதாவது உண்டா?

உண்டு. ஆனால் எதிர்பார்ப்பைச் சரியாக வைத்துக்கொண்டு வாருங்கள். இங்கே அருவி கிடையாது. ஆறு என்றால் மழைக்கு மட்டும் ஓடும் தேனாறும் மணிமுத்தாறும்தான். செம்மண், செம்புறாங்கல், கருவேலங்காடு, நடுநடுவே தனியாக எழுந்து நிற்கும் பாறைக் குன்றுகள், ஊருக்குள் ஊருணி என்னும் குளம், ஊரைத் தாண்டினால் கண்மாய் என்னும் ஏரி. இந்த வறண்ட பூமியில் விழுந்த மழையைச் சொட்டு விடாமல் பிடித்து வைத்த ஏற்பாட்டைச் சுற்றித்தான் இங்கே எல்லாம் இருக்கிறது, பறவையும் மீனும் உள்பட.

வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே தவறைச் செய்கிறார்கள். பார்க்க வேண்டிய இடங்களை எழுதி, வரைபடத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதைக் கோத்து ஒரு நாளாக்குகிறார்கள். பதினொரு மணிக்கு வீட்டிலிருந்து கிளம்பி, பன்னிரண்டரைக்குக் கோட்டைப் பாறையில் ஏறி, ஒன்றரைக்குக் கோயில் வாசலில் நடை சாத்தியிருப்பதைப் பார்த்து நிற்கிறார்கள். இந்த ஊர்த் திட்டத்தை வெயிலை வைத்துப் போட வேண்டும். காலை 6 முதல் 10 வரை வெளியே. மாலை 4 முதல் 6:15 வரை மறுபடி வெளியே. நடுவில் உள்ள நேரம் பெரிய வீடுகளுக்கு. அந்த வீடுகளைக் கட்டினவர்கள் இந்த வெயிலைக் கணக்குப் போட்டுத்தான் கட்டினார்கள்: கனத்த சுவர், உயர்ந்த கூரை, சூடான காற்று மேலே போக நடுவே திறந்த வளவு என்னும் முற்றம், காலுக்குக் குளிரும் தரை. நண்பகலில் போனால்தான் அந்த வீட்டின் அருமை உடம்புக்குத் தெரியும். சலிப்பதாகச் சொல்லும் பிள்ளைகள்கூட நாலு மணி நேரம் வெயிலில் சுற்றியபின் அந்தத் தரையில் மறுபேச்சில்லாமல் படுத்துவிடுவார்கள்.

நீங்கள் வருவது டிசம்பர் கடைசி என்பது நல்ல காலம். வடகிழக்குப் பருவமழை அடங்கும் நேரம். கண்மாயில் தண்ணீர் இருக்கும், பறவை இருக்கும், மார்கழிப் பனியில் காலை சில்லென்று இருக்கும். அப்போதும் பதினோரு மணி வெயிலில் பாறை சுடும். ஏப்ரல், மே மாதத்தில் வருகிறவர்கள் காலை நேரத்தை ஒன்பதோடு முடித்துக்கொள்ள வேண்டும்.

ரயில் என்றால் பல்லவன் எடுங்கள். எழும்பூரில் பிற்பகல் ஏறினால் இரவில் காரைக்குடி. ராமேஸ்வரம் போகும் இரவு வண்டிகளும் காரைக்குடி வழியாகப் போகின்றன, ஆனால் நள்ளிரவுக்கு மேல் அகால நேரத்தில் இறக்கிவிடும். வயதானவரை வைத்துக்கொண்டு அது வேண்டாத வேலை. காரில் வந்தால் திருச்சி, புதுக்கோட்டை, திருமயம் வழி.

தங்குவதற்குக் காரைக்குடியா, கானாடுகாத்தானா? பழைய வீட்டில் தங்கி, வாசலிலிருந்தே சைக்கிள் எடுத்துத் தெருவில் இறங்க ஆசை என்றால் கானாடுகாத்தான். செலவு குறைய வேண்டும், மருந்துக்கடையும் மெஸ்ஸும் பக்கத்தில் வேண்டும் என்றால் காரைக்குடி. இரண்டுக்கும் இடையே சுமார் 15 கிலோமீட்டர்தான். கானாடுகாத்தானில் முன்பதிவு செய்யும்போது இரண்டு விஷயத்தைக் கேட்டு உறுதி செய்யுங்கள். முதலாவது, அம்மாவுக்குக் கீழ்த்தள அறை. இந்த வீடுகளின் மாடிப்படி குறுகலாகவும் செங்குத்தாகவும் இருக்கும், பலவற்றில் லிப்ட் கிடையாது. தெருவிலிருந்து திண்ணைக்கு ஏறவே ஐந்தாறு படி இருக்கும், கட்டுக்குக் கட்டு (வீட்டின் ஒவ்வொரு பகுதிக்கும்) நிலைப்படி தாண்ட வேண்டும். இரண்டாவது, சாப்பாடு. ஊருக்குள் நினைத்த நேரத்தில் நுழைந்து சாப்பிட உணவகம் அதிகம் இல்லை. தங்குமிடத்தில் முதல் நாளே தலைக்கணக்குச் சொல்லிவிட வேண்டும். பிள்ளைகளுக்குக் காரம் தனியாகக் குறைக்கவும் அப்போதே சொல்லுங்கள். அரைத்த மசாலா குழம்பில் விழுந்தபின் யாராலும் எடுக்க முடியாது.

முதல் நாளைச் சைக்கிளுக்கு வையுங்கள். தரை சமதளம், தெருக்கள் கட்டம் கட்டமாக நேராக ஓடுகின்றன, உள்தெருக்களில் வண்டி குறைவு. ஒரு வீட்டின் முகப்பு ஒரு தெருவில், பின்கட்டின் வாசல் அடுத்த தெருவில். ஒரு வீட்டுச் சுவரைச் சுற்றி வரவே நல்ல தூரம் மிதிக்க வேண்டும். "இந்தப் பக்கத்துச் சுவர் எங்கே முடிகிறது பார்" என்று சின்னவனை விட்டால் பத்து நிமிடம் ஓடிவிடும். பெரிய தங்குமிடங்கள் சிலவற்றில் சைக்கிள் தருகிறார்கள், ஆனால் 7 வயதுப் பிள்ளையின் உயரத்துக்குப் பெரும்பாலும் கிடைக்காது. முன்கூட்டியே கேளுங்கள், இல்லையென்றால் பின்சீட்டுக் கேரியர் உறுதியாக உள்ள சைக்கிள் கேளுங்கள், பிள்ளையின் கால் ஆரத்துக்குள் போகாமல் சக்கர மூடி இருக்கிறதா என்று பாருங்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளையோடு மணிக்கு 8 கிலோமீட்டர் என்று கணக்கு வைத்தால் சரியாக வரும். காலையில் கானாடுகாத்தான் தெருக்கள், செட்டிநாடு ரயில் நிலையம் வரை ஒரு சுற்று. கால் ஒத்துழைத்தால் மாலையில் பள்ளத்தூர்ப் பக்கம். திருச்சி – ராமேஸ்வரம் நெடுஞ்சாலைக்கு மட்டும் பிள்ளைகளோடு சைக்கிளில் போகாதீர்கள்.

இங்கே சைக்கிளுக்குப் பகை சீமைக்கருவேல முள். கண்மாய்க்கரை ஓரங்களில் கரிமூட்டத்துக்கு வெட்டின கிளைகளின் மிச்சம் மண்ணில் கிடக்கும். அதன் முள் டயரை மட்டுமில்லை, ரப்பர் செருப்பையும் துளைத்துப் பாதத்தில் ஏறும். தடித்த அடியுள்ள ஷூதான் போட வேண்டும். பஞ்சர் ஒட்டும் சாமான், டயர் நெம்பி இரண்டு, சின்னப் பம்பு ஆகியவை பையில் இருக்கட்டும். ஒட்டும்போது இரண்டு இடத்தில் தவறு நடக்கும். டியூபில் ஓட்டையைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் டயருக்குள் ஒடிந்து நிற்கும் முள் நுனியை மறந்துவிடுவார்கள்; ஒரு கிலோமீட்டரில் அதே இடத்தில் மறுபடி காற்று இறங்கும். டயரின் உட்புறத்தை முழுச் சுற்றும் துணியால் தடவிப் பாருங்கள், துணி சிக்கும் இடத்தில் முள் இருக்கிறது. விரலால் தடவினால் விரலில் ஏறும். அடுத்தது, பசை ஈரமாக இருக்கும்போதே ஒட்டுத்துண்டை வைத்து அமுக்குவது. டியூபை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, பசையை மெல்லிசாகத் தடவி, தொட்டால் ஒட்டாத பதம் வரும்வரை ஐந்து நிமிடம் விட்டுவிட்டு அப்புறம் ஒட்டினால்தான் பிடிக்கும்.

வீடுகளைப் பற்றி ஒரு சொல். கதவு திறந்திருக்கிறது என்று உள்ளே போகக் கூடாது. ஒரு வீடு ஒருவருடையதாக இருப்பது அரிது. தாத்தா கட்டினது, பேரன்கள் பத்துப் பதினைந்து புள்ளியாக, அதாவது தனிக் குடும்பமாக, பிரிந்து சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருப்பார்கள். கல்யாணத்துக்கும் சாமி கும்பிடவும் வந்து போவார்கள். சாவி வைத்திருப்பவர் உங்களை விடலாமா கூடாதா என்று தானாக முடிவு செய்ய முடியாத நிலை பல வீடுகளில். திறந்து காட்டும் வீடுகளில் கட்டணம் வாங்குவார்கள், செருப்பை வெளியே விட வேண்டும், சாமி அறையைப் படம் எடுக்கக் கூடாது. பிள்ளைகளுக்கு முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு என்று வரிசையைச் சொல்லிக்கொடுத்துவிட்டு, தூணில் எது மரம், எது கல், எது பூச்சு என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புப் பூச்சு கன்னத்தை வைத்தால் கண்ணாடி மாதிரி குளிரும்; அதை அவர்களே தேடிப் பிடிப்பார்கள்.

மாலையில் ஊருணிக்கரை. கூரையிலும் தெருவிலும் விழும் மழை வரத்துக்கால் வழியே வந்து சேரும்படி அமைத்தவை இவை, பல ஊருணிகளுக்குச் சுற்றிலும் செம்புறாங்கல் படி. உட்கார்ந்து பார்க்க அருமையான இடம். இறங்க வேண்டாம். குடிதண்ணீர் ஊருணியில் கால் நனைப்பதையே ஊர்க்காரர்கள் விரும்ப மாட்டார்கள். குளிக்கும் ஊருணியிலும் நீருக்குள் இருக்கும் படிகளில் பாசி பிடித்திருக்கும். மேல்படியைப் பார்த்து ஆழத்தைக் கணிக்க முடியாது.

கண்மாய் இதைவிடக் கவனம் கேட்கும். பார்க்க முழங்காலளவு தண்ணீர் போலப் பரந்து கிடக்கும். உள்ளே கோடையில் மண் அள்ளிய குழி இருக்கும். இரண்டடித் தண்ணீரில் நடந்து வருகிறவர் அடுத்த அடியில் பத்தடி ஆழத்தில் இருப்பார். குழியின் ஓரம் களிமண்ணாக வழுக்குவதால் நீச்சல் தெரிந்தவரும் ஏறத் திணறுவார். மடை திறந்திருந்தால் அதன் வாயருகே நீர் இழுக்கும். கண்மாய் நிரம்பி, மிஞ்சின நீர் வழியக் கட்டின கலுங்கில் மறுகால் பாயும் காட்சி டிசம்பரில் கிடைத்தால் அதிர்ஷ்டம்தான். கரையில் நின்று பாருங்கள். கலுங்குக் கல்லின் மேல் நின்று படம் எடுக்கப் போய்த்தான் வழுக்கி விழுகிறார்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இதெல்லாம் பாடமாகவே நிற்கும்: கரை ஏன் குதிரை லாடம் மாதிரி வளைந்திருக்கிறது, மடை எதற்கு, கலுங்கு எதற்கு, இந்தக் கண்மாயில் மிஞ்சினது அடுத்த கண்மாய்க்கு எப்படிப் போகிறது என்று ஒரு மணி நேரம் கரையில் நடந்தே காட்டலாம்.

இரண்டாம் நாள் விடியலில் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம். மூன்று நாளில் ஒன்றுதான் முடியும் என்றால் நான் கைகாட்டுவது இதைத்தான். காரைக்குடியிலிருந்து திருப்பத்தூர் போய், அங்கிருந்து மதுரைச் சாலையில் கொள்ளுக்குடிப்பட்டி; எல்லாம் சேர்த்து 35 கிலோமீட்டருக்குள். இந்த மாதத்தில் சூரியன் ஆறரையை ஒட்டி எழும், ஆகவே ஐந்தரைக்கு வண்டி கிளம்ப வேண்டும். 1977-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது, மொத்தமே 38.4 ஹெக்டேர்தான், மூன்று கண்மாய்கள். சரணாலயம் என்றதும் காடு என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். ஊர்க் கண்மாய், அதற்குள் கருவேல மரங்கள், மரம் முழுக்கப் பறவை. பறவைகள் மிரளும் என்பதால் இந்த ஊர்களில் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. பல பத்தாண்டுகளாக இப்படித்தான். இதைப் பிள்ளைகளிடம் வண்டியிலேயே சொல்லிவிட்டால் அங்கே போய்ச் சத்தம் போடாதே என்று அதட்டும் வேலை மிச்சம்.

எதைப் பார்ப்பது என்று தெரியாமல் போனால் எல்லாமே "கொக்கு"தான். சிலதை மட்டும் சொல்கிறேன். நத்தைகுத்தி நாரை: அலகை மூடினாலும் நடுவில் ஓர் இடைவெளி தெரியும், வழுக்கும் நத்தையைப் பிடிக்கத்தான் அது. மஞ்சள்மூக்கு நாரை: பெரிய உடம்பு, வால்பக்கம் இளஞ்சிவப்பு. கரண்டிவாயன்: பெயரே போதும், தண்ணீருக்குள் தலையை இடமும் வலமும் துழாவிக்கொண்டே நடக்கும். அரிவாள்மூக்கன்: வெள்ளை உடம்பு, கறுத்த வழுக்கைத் தலை. பாம்புத்தாரா: உடம்பு நீருக்குள், கழுத்து மட்டும் பாம்பு மாதிரி வெளியே. இதற்கும் நீர்க்காகத்துக்கும் இறகில் நீர் ஒட்டும், அதனால்தான் மரத்தில் இறக்கையை விரித்துக் காய வைத்துக்கொண்டு நிற்கின்றன. வக்கா பகலில் தூங்கி வழியும். மற்றவை இரை தேடப் போகும் நேரத்தில் அது வேட்டை முடிந்து வீடு திரும்பும். அதிகாலையில் இந்த இரண்டு போக்குவரத்தும் ஒன்றையொன்று கடப்பதைப் பார்க்கத்தான் ஐந்தரைக்கு எழுந்து வருவது.

தொலைநோக்கி 8×42 போதும். பத்து மடங்கு வாங்கினால் பிள்ளைகளின் கை நடுக்கத்தில் படம் ஆடும். சின்னப் பிள்ளைகள் "ஒன்றும் தெரியவில்லை" என்று திருப்பிக் கொடுத்துவிடுவதற்குக் காரணம், இரண்டு குழலுக்கும் இடையே உள்ள அகலம் பெரியவர் கண்ணுக்கு வைத்தபடி இருப்பது. குழல்களை நடுவில் மடித்து நெருக்கிக் கொடுங்கள். இரண்டு வட்டமும் ஒரே வட்டமாகத் தெரிகிறதா என்று கேட்டுச் சரிசெய்யுங்கள். கண்ணாடி போட்டவர் என்றால் கண்பக்க ரப்பரைக் கீழே இறக்கிவிட வேண்டும். முதுகில் வெயில் படும்படி நில்லுங்கள், எதிர்வெயிலில் எல்லாப் பறவையும் கறுப்பு நிழல்தான். வெள்ளை, சிவப்புச் சட்டை வேண்டாம். பறவைக் கோபுரத்தில் அம்மா ஏற வேண்டியதில்லை. கரையில் ஒரு மடக்கு நாற்காலி போட்டால் போதும். மழை பொய்த்த ஆண்டில் கண்மாய் வறண்டு பறவை வராது, எனவே முதல் நாள் திருப்பத்தூர்ப் பக்கம் விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.

ஒன்பதுக்கு அங்கிருந்து திரும்பினால் வழியிலேயே பிள்ளையார்பட்டி. குடைவரையில் வலம்புரித் தும்பிக்கையோடு வடக்கு நோக்கி அமர்ந்த பெரிய பிள்ளையார், இரண்டே கை. மதியம் நடை சாத்துமுன் நிதானமாகப் பார்க்கலாம். ஜனவரி 1 அன்றும் சங்கடஹர சதுர்த்தி அன்றும் மட்டும் இந்தப் பக்கமே வேண்டாம். வரிசையில் அம்மாவின் முழங்கால் தாங்காது. அடுத்து சில கிலோமீட்டரில் குன்றக்குடி. சின்னக் குன்றுதான், படி ஏறினால் சண்முகநாதர். அடிவாரத்தில் குடைவரைகள் இருக்கின்றன, ஏற முடியாதவர்கள் அவற்றைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். மதியச் சாப்பாட்டுக்குக் காரைக்குடி.

பெரிய பிள்ளைக்கு உண்மையான மலை ஏற வேண்டுமென்றால் இரண்டாம் நாளை அப்பாவும் மகனும் பிரான்மலைக்கு மாற்றிக்கொள்ளலாம். சிங்கம்புணரியை அடுத்து இருக்கிறது. பாரியின் பறம்பு இதுதான் என்பார்கள், தேவாரத்தில் திருக்கொடுங்குன்றம். அடிவாரக் கோயிலே மூன்று அடுக்காக இருக்கிறது, உச்சியில் தர்கா. கொஞ்ச தூரம் படி, அப்புறம் பாறையும் கல்லும். ஏற ஒன்றரை மணி நேரம், இறங்க ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மணிக்கு அடிவாரத்தில் இருந்தால் ஒன்பதரைக்குள் இறங்கிவிடலாம். தலைக்கு 2 லிட்டர் தண்ணீர். மேலே கடை என்று நம்பிப் போகாதீர்கள். பிளாஸ்டிக் பையைக் கையில் தொங்கவிட்டால் குரங்கு பிடுங்கும், எல்லாம் முதுகுப் பைக்குள். மழை பெய்த மறுநாள் ஏற வேண்டாம், ஈரப்பாறையில் ஏறும்போது பயம் தெரியாது, இறங்கும்போதுதான் தெரியும். 7 வயதுப் பிள்ளைக்கு இது நீளம்.

மூன்றாம் நாள் திருமயம். காரைக்குடியிலிருந்து 20 கிலோமீட்டர் சொச்சம். கோட்டைக்குத் தொல்லியல் துறைச் சீட்டு, 15 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கட்டணம் இல்லை. கோட்டையைவிடக் கோயில் முன்னதாகத் திறந்துவிடும் என்பதால் எட்டு மணிக்கே போய், பாறையின் அடியில் குடைந்த இரண்டு கோயில்களையும் முதலில் பாருங்கள். ஒன்றில் சத்தியகிரீஸ்வரர், மற்றொன்று 108 திவ்ய தேசங்களில் ஒன்று, மலையோடு மலையாகப் பள்ளிகொண்ட பெருமாள். அம்மாவை அந்த மண்டப நிழலில் விட்டுவிட்டு மற்றவர்கள் கோட்டைக்கு ஏறலாம். 1687-இல் ராமநாதபுரம் சேதுபதி கட்டியது. ஏழு சுற்று மதிலாக இருந்து இன்று நான்குதான் நிற்கிறது. மேலே போகும் வழியில் பாறையின் பாதி உயரத்தில் குடைந்த ஒரு சிவலிங்க அறை, அதற்கு இரும்பு ஏணி. பிள்ளைகள் அதில்தான் அதிக நேரம் நிற்பார்கள். பாறையில் தேங்கிய சுனை நீரைக் குடிக்க விடாதீர்கள். உச்சியில் பீரங்கி, அங்கிருந்து பார்த்தால் சுற்றிலும் கண்மாய்கள் தட்டுத் தட்டாகப் பளபளக்கும். முதல் நாள் கரையில் நின்று சொல்லிக்கொடுத்த பாடத்தின் முழுப் படமும் கீழே விரிந்து கிடக்கும். மேலே காற்று பலமாக இருக்கும், தொப்பிக்குக் கயிறு வேண்டும், சின்னவன் கையை விடக் கூடாது. ஏறி இறங்க, நின்று பார்க்க ஒன்றரை மணி நேரம். திரும்பும் வழியில் மதில்மேல் உள்ள கோட்டை பைரவர் முன் நெடுஞ்சாலை வண்டிகள் நின்று சிதறுகாய் உடைத்துப் போகும். சாலையைக் கடக்கும்போது கவனம்.

இதே நாளில் சித்தன்னவாசலையும் சேர்க்கச் சொல்லுவார்கள். புதுக்கோட்டை தாண்டி மேலும் போக வேண்டும். ஏழடிப்பட்டத்தில் பாறை விளிம்பைப் பிடித்துப் போய்ச் சமணர் படுக்கைகளைப் பார்ப்பது பெரிய பிள்ளைக்கு மறக்காது. ஆனால் மூன்று நாள் பயணத்தில் அது ஒரு மாலையையே விழுங்கிவிடும். சென்னைக்குக் காரில் திரும்புகிறவர்கள் போகிற வழியில் வைத்துக்கொள்ளட்டும்.

பதினொரு மணிக்கு ஆத்தங்குடி. பெரிய வீடு ஒன்று பார்வைக்குத் திறந்திருக்கிறது. வண்டிக்காரர்கள் அரண்மனை என்று கூட்டிப்போவார்கள். அதைவிடப் பிள்ளைகளுக்குப் பிடிப்பது தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் செய்யும் பட்டறைதான். ஞாயிற்றுக்கிழமையில் வேலை இருக்காது, மதியச் சாப்பாட்டு நேரத்திலும் இருக்காது. வேலை இப்படி நடக்கும்: கண்ணாடித் தகட்டின்மேல் இரும்புச் சட்டம், அதற்குள் பூ வரைந்த உலோக அச்சு. அச்சின் ஒவ்வொரு அறையிலும் சிமெண்டில் கரைத்த வண்ணத்தைக் கரண்டியால் ஊற்றுகிறார்கள். அச்சை நேர்மேலே தூக்குவதில்தான் கை இருக்கிறது. ஒரு பக்கம் சாய்ந்தால் வண்ணம் ஒன்றோடொன்று ஓடிவிடும். மேலே உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி ஈரத்தை உறிஞ்ச விட்டு, அதன்மேல் குழைத்த கலவையை நிரப்பி மட்டம் தட்டுகிறார்கள். மறுநாள் தண்ணீர்த் தொட்டியில் இறங்கிச் சில நாள் ஊறி, பிறகு காயும். சூளை கிடையாது. பளபளப்பு கண்ணாடித் தகட்டிலிருந்து வருவது. ஒரு எச்சரிக்கை: ஈரச் சிமெண்ட் தோலை அரிக்கும், பிள்ளைகள் தொட்டுவிட்டால் உடனே கழுவ வேண்டும்.

வாங்கிப்போகிறவர்கள் கடைசியில் குறைசொல்வது "ஆறு மாதத்தில் மங்கிவிட்டது" என்று. பாத்ரூம் கழுவும் ஆசிட்டைத் தரையில் ஊற்றினால் மங்கத்தான் செய்யும். எலுமிச்சையும் தயிரும் சிந்தினாலும் தடம் விழும். வெறும் தண்ணீர்த் துடைப்பும் அவ்வப்போது துளி தேங்காயெண்ணெயும் போதும், மிதிக்க மிதிக்கத்தான் மெருகேறும்.

வேறு காலத்தில் வருகிறவர்களுக்குச் சில வார்த்தை. தை மூன்றாம் நாள் சிராவயல் மஞ்சுவிரட்டு. வாடிவாசல் ஜல்லிக்கட்டைப் போல இல்லாமல் மாடுகளைப் பொட்டலில் அவிழ்த்து விடுவார்கள், எந்த மாடு எந்தப் பக்கம் வரும் என்று தெரியாது. வேடிக்கை பார்க்க நின்றவர்களே குத்துப்பட்டு இறந்ததுண்டு. பிள்ளைகளோடு போகும் இடமில்லை. தைப்பூசத்துக்கு முந்தின நாட்களில் நகரத்தார் பழனிப் பாதயாத்திரை குன்றக்குடி வழியே போகும், இரவில் அந்தச் சாலைகளில் வண்டி ஓட்டுவதைத் தவிருங்கள். கோடையில் கண்மாய் வற்றும்போது மீன்பிடித் திருவிழா நடக்கும் ஊர்கள் உண்டு: விடியற்காலையில் ஊர்ப்பெரியவர் வெள்ளைத் துண்டை வீசியதும் நூற்றுக்கணக்கானவர் ஊத்தாவோடு இறங்குவார்கள். அடிப்பக்கம் திறந்த கூம்புக் கூடைதான் ஊத்தா. சேற்றில் அழுத்தி, மேல்வாய் வழியே கையை விட்டு விராலைத் துழாவ வேண்டும். வெளியூர்க்காரரையும் சேர்த்துக்கொள்ளும் ஊர்கள் உண்டு, முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். கெளுத்தியின் முள் குத்தினால் கடுகடுக்கும், சேற்றில் கண்ணாடிச் சில்லு கிடக்கும்; பிள்ளைகள் கரையில் நின்று மீனைப் பைக்குள் வாங்கிப் போடும் வேலை பார்க்கட்டும்.

பைக்குள்: உப்புக்கரைசல் (ORS) பொட்டலம் நாலு, ஒரு பொட்டலத்துக்குப் பொட்டலத்தில் போட்டுள்ள அளவுத் தண்ணீர் முழுதாக ஊற்ற வேண்டும், பிள்ளைக்கு என்று பாதித் தண்ணீரில் கெட்டியாகக் கலக்கக் கூடாது. முள் எடுக்க இடுக்கி, டார்ச், மாலைக்குக் கொசு மருந்து. தின்பண்டத்துக்குத் தேன்குழலும் மாவுருண்டையும் நாலு நாள் தாங்கும். வெள்ளைப் பணியாரம் அன்றே சூட்டோடு தின்ன வேண்டியது, மாலை நாலு மணிக்கு மேல் வரமிளகாய்ச் சட்னியோடு கேளுங்கள்.

பாம்பு பற்றிக் கேட்பவர்கள் உண்டு. நல்ல பாம்பும் விரியனும் உள்ள பூமிதான். கற்குவியலிலும் இடிந்த சுவரிலும் கையை விடக் கூடாது, இருட்டில் டார்ச் இல்லாமல் நடக்கக் கூடாது. கடித்துவிட்டால் கீறவோ இறுக்கிக் கட்டவோ வேண்டாம். கொலுசு, மோதிரத்தைக் கழற்றி, கடிபட்ட காலை அசைக்காமல் படுக்க வைத்து 108-ஐக் கூப்பிட்டு நேரே அரசு மருத்துவமனை. மந்திரிக்கப் போய் வீணாகும் அரை மணி நேரம்தான் உயிரை எடுக்கிறது.

திரும்பும் பல்லவன் விடியுமுன் காரைக்குடியை விட்டுக் கிளம்பும். ஆட்டோவை முதல் நாள் மாலையே பேசி வைத்து, மூட்டை கட்டுவதை இரவே முடித்துவிடுங்கள். ஆத்தங்குடிக் கல் நாலைந்து ஞாபகத்துக்கு வாங்கியிருந்தால் முகத்தோடு முகம் வைத்து, நடுவில் செய்தித்தாள் கொடுத்து, படுக்க வைக்காமல் நிறுத்திக் கட்டுங்கள். படுக்க வைத்தால் மேலே ஒரு பெட்டி ஏறியதும் அடியில் உள்ளது விரிசல் விடும்.